ஆற அமர அளந்தது

ஔஸில் ஜூலை.
கம்பிரஸர் குழாய் விறைத்துப்போய்
வளைய மறுக்கிறது.
அதை அக்குளில் இடுக்கிச்
சூடேற்றிக்கொண்டிருந்தபோது
வந்து நின்றது வெள்ளை பிக்கப்,
நாலு டயரும் தரையில் பிதுங்க.

"பஞ்சர்" என்றான்.
நாலிலுமா?
"நாலிலும்தான்."
உள்ளே ஒரு பெண்
முன்கண்ணாடியில் பனி உருகுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேஜை வைத்தேன்.
ஒன்று புள்ளி ஆறு.
மறுபடி ஒன்று புள்ளி ஆறு.
வலப்பக்கம் இரண்டிலும்
ஒரு நூல் குறைவு.
ஆணி இல்லை. முள் இல்லை.
எச்சில் தொட்டு வைத்த வால்வு வாயில்
ஒரு குமிழ்கூட எழவில்லை.

"நேற்று வழியில்
காற்றைத் திறந்துவிட்டீர்களா?"

எவால்ட் என்று பெயர் அவனுக்கு.
பொய் சொல்லத் தெரியாத காது, சிவந்துவிட்டது.
கீட்மன்ஸ்ஹூப்பில் மதியம் கிளம்பும்போது
சரியாக இரண்டு புள்ளி இரண்டு.
கோஆகெப் தாண்டி நிறுத்தி
சும்மா இருக்க மாட்டாமல் அளந்தானாம்.
இரண்டு புள்ளி ஆறு!
வெடித்துவிடும் என்று பயம்.
ஒவ்வொரு டயராகக் குந்தி
புஸ் புஸ் என்று விட்டு
பழைய எண்ணுக்கே இறக்கிவிட்டான்.

யாரும் ஊதவில்லை, எவால்ட்.
ஒரு மூச்சுகூட உள்ளே போகவில்லை.
மதியம் இருந்த அதே காற்று,
உட்கார இடம் போதாமல்
சுவரை முட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.
ஒவ்வொரு சுற்றுக்கும் ரப்பர் ஒருமுறை
மடங்கி நிமிர்கிறது.
நூற்று நாற்பதில் போனால்
நிமிடத்துக்கு ஆயிரம் முறை.
எந்த உடம்புதான் சுடாது?
வடக்கே தாழ்ந்த வெயில்
வலப்பக்கத்தை வழிநெடுக நக்கிக்கொண்டு வேறு வந்திருக்கும்.
அப்புறம் அந்தப் பாரம்.

பாரத்தை அப்போதுதான் பார்த்தேன்.
ஒரு தையல் மெஷின்,
கயிறு கட்டிய பெட்டிகள்,
பெண்பிள்ளை செருப்புகள் ஒரு மூட்டை,
ஒரே ஒரு தலையணை.
வீடு மாற்றுகிறவர்களின் சாமான் அல்ல,
வீட்டில் பாதியின் சாமான்.

கண்ணாடி இறங்கியது.
"அப்போ எதுவுமே ஒழுகவில்லையா?" என்றாள்.
இல்லை.
"இவராகத்தான் திறந்துவிட்டாரா?"
ஆமாம்.
"நான் வேண்டாம் என்று சொன்னேன்,
ரொஸ்விதாவுக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்றார்."
சிரித்தாள்.
குளிரில் அந்தச் சிரிப்பு
வெள்ளையாக வெளியே வந்து நின்றது.
அவன் சிரிக்கலாமா கூடாதா என்று
என்னைப் பார்த்தான்.
நான் குழாயைப் பார்த்தேன்.

நாலையும் இரண்டு புள்ளி இரண்டுக்கு ஏற்றினேன்.
ராத்திரி முழுக்க நின்ற வண்டி,
இப்போது காட்டுவதுதான் கணக்கு.
"காருப் தாண்டும்போது கூடும்.
கூடட்டும். தொடாதீர்கள்.
இறங்கிய டயர்தான் இன்னும் மடங்கும்,
மடங்கினால் இன்னும் சுடும்,
உங்கள் பயத்துக்கு நேர் எதிர்."
தலையாட்டினான்.
சில்லறை தேடியது அவள்தான்.
லூடரிட்ஸ் பக்கமே திரும்பினார்கள்.
வண்டி திரும்பியதைத்தான் பார்த்தேன்,
வேறு எதையும் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன்.

பிறகு என் போனை எடுத்தேன்.
லூடரிட்ஸில் நண்டுப் படகில் இருக்கும் என் புருஷனுக்கு
நேற்று மூன்று மணிக்கு,
தகரக் கூரை கொதிக்க,
எழுதிய செய்தி.
டவர் படுத்துவிட்டதால்
போகாமல் கிடந்தது.

கைவிரல் மரத்திருந்தது.
மெதுவாக, ஆற அமர,
எழுத்தெழுத்தாக வாசித்தேன்.
ஒரு சொல்லை மட்டும் எடுத்தேன்.
மற்றதெல்லாம்
குளிரிலும் அதே அளவுதான் காட்டியது.

அனுப்பினேன்.