அறுபத்து மூன்று கிராம்

இந்த மார்கழியில் மழை விடவேயில்லை.
மனூச்சார் லாரியில் போட்டுக் கொண்டுவந்த ஹேசல் கிளை
ரேடியேட்டர்மேல் ஒன்பது நாள் கிடந்தும்
உள்ளே ஈரம் போகவில்லை.
கத்தி வைத்தால் நீளமாகச் சுருளவேண்டிய சீவல்
உமியாக உதிர்கிறது.
நாளை மறுநாள் புத்தாண்டு.
ஓசுர்கெத்தியில் வீட்டுக்கு வீடு மேசைமேல்
நரைத்த தாடிபோல் ஒரு சிச்சிலாக்கி நிற்கும்.
என் மேசையில்
பாதித் தாடி. மீதி மொட்டைக் கழி.

நான் பழைய பொருள் கிடங்கில் தராசுக்காரி.
பொழுதுக்கும் பாட்டிலை எடை போடுகிறவளுக்குப்
பாட்டில்தானே ஞாபகம் வரும்?
பச்சை சோடா பாட்டில் ஒன்றின் அடியை அறுத்தேன்.
பலகையில் பிளேடைச் செருகி
ஆப்பிள் தோல் உரிப்பதுபோல் சுற்றிச் சுற்றி இழுத்தேன்.
முதல் பாட்டில்: பட்டை அகலம், பெல்ட் மாதிரி.
இரண்டாவதை மெழுகுவர்த்தியில் காட்டினேன்;
குளவிக்கூடாகிப் போனது. ஜன்னலைத் திறந்துவைத்து
இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.
மூன்றாவதைத் தேநீர்க் கெட்டிலின் ஆவியில் பிடித்தேன்.
அம்மாடி!
யாரோ காதில் ரகசியம் சொன்னதுபோல்
தானாகவே சுருண்டுகொண்டது.

அப்புறம் கை நிற்கவில்லை.
இன்னும் இரண்டு பாட்டில்.
மொட்டைப் பக்கம் முழுக்கப் பச்சைச் சுருள்,
மறுபக்கம் வெள்ளைச் சீவல்.
மாடியிலிருந்து மனூச்சாரின் மகள் நுத்சா
கை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள்:
மூன்று கண் வைத்த தேயிலைக் காய்கள்,
சீமைப்பனிச்சைப் பழத்தின் காய்ந்த காம்பிலைகள்,
மாத்திரை தீர்ந்த வெள்ளி அட்டைகள்,
அவள் அப்பாவின் உடைந்த கண்ணாடியில் ஒரு வில்லை.
"இது எதற்கு?"
"மரம் தெரிஞ்சுக்கட்டும், நாம யாருன்னு."

உச்சியில் வைக்க ஒன்றும் இல்லை.
இத்தாலியிலிருந்து தங்கை அனுப்பிய கேக் டப்பா
பிரிக்காமல் கிடந்தது, பொன் நிற அட்டை.
பாரியில் யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, ஊட்டி,
ஆறு வருஷமாய்
அடுத்த புத்தாண்டுக்கு வந்துகொண்டிருக்கிறாள்.
கேக்கைத் தட்டில் வைத்தேன்.
டப்பாவை நட்சத்திரமாக வெட்டினேன்.
ஒரு முனை கோணல். இருக்கட்டும்.

பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள்.
"லாமாரா, தாடிக்கு மை பூசியிருக்கியா?"
சிரித்துவிட்டு, போகும்போது
ஒவ்வொருவரும் பச்சைச் சுருளை ஒருமுறை
இழுத்துவிட்டுத்தான் போனார்கள்.
அது ஆடி, ஆடி, பழைய இடத்துக்கே வந்து நின்றது.

ஜனவரி பதினெட்டு, அந்தி.
முற்றத்தில் எல்லாரும் தங்கள் மரத்தை எரிக்கிறார்கள்.
போன வருஷக் கவலையைச் சாம்பலாக்கும் நாள்.
மூன்றாம் மாடியின் கடன் எரிந்தது,
முதல் மாடியின் மூட்டுவலி எரிந்தது.
நான் என் மரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.
இருமல் ஞாபகம் வந்தது.
இதை எரித்தால் முற்றமே மூச்சு முட்டும்.
யோசிக்காமல் செய்திருக்கிறேன்,
எரிக்க முடியாத ஒன்றை.

தேயிலைக் காய்களை நுத்சா பையில் போட்டுக்கொண்டாள்.
ஹேசல் சீவல் சரசரவென்று போனது.
நட்சத்திரம் ஒரு நொடி
நீலமாய் எரிந்தது, அச்சு மையாக இருக்கும்.
பச்சைச் சுருள் மட்டும் மடியில் மிச்சம்,
நனைந்த பூனைக்குட்டி போல.

மறுநாள் கிடங்கில்
யாரும் பார்க்காத நேரம் தராசில் வைத்தேன்.
அறுபத்து மூன்று கிராம்.
விற்றால் மூன்று தெத்ரிகூடத் தேறாது.
நோட்டில் எழுதினேன், பச்சை மூட்டையில் போட்டேன்,
ஒரு சுருள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது,
உள்ளே தள்ளினேன், மறுபடி வந்தது.

மனூச்சார் மூட்டைகளை லாரியில் ஏற்றும்போது கேட்டேன்,
இதெல்லாம் எங்கே போகிறது என்று.
"போத்தி துறைமுகம் வரைக்கும் எனக்குத் தெரியும்,"
என்றார்,
"அதுக்கப்புறம் கப்பல்."