நான்கு மணிக்கொரு தரம்

கட்டிலை இரண்டு பேர் கொண்டுவந்து
சோபா இருந்த இடத்தில் பூட்டினார்கள்.
சோபா கராஜுக்குப் போனது.
ஏஜாக்சில் அன்று மைனஸ் பத்தொன்பது;
கதவு திறந்தே கிடந்ததில்
வீடு முழுக்க வெளிக்குளிர்.

யோகநாதன் ரிமோட்டை வாங்கித்
தலையை உயர்த்தினார், காலை உயர்த்தினார்.
"லொறி சீட்டைவிடத் திறம்" என்றார்.
இருபத்திரண்டு வருசம்
மொன்றியலுக்கும் விண்ட்சருக்கும் ஓடிய மனுசன்.
இனி ஓட்டம் யன்னலுக்கும் குசினிக்கும் இடையில்,
அதுவும் கண்ணால்.

பிரிட்ஜுக்குள் தயிருக்குப் பக்கத்தில்
ஊசிமருந்துப் பெட்டி.
பிரிட்ஜ் கதவில், மகளின் பட்டமளிப்புப் படத்துக்குக் கீழே
உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்ற படிவம்.
கையெழுத்து அவருடையது, கோணவில்லை.
பால் எடுக்கும்போதெல்லாம் வாசித்தேன்.
பிறகு வாசிக்காமல் பால் எடுக்கப் பழகினேன்.

நல்லதையும் சொல்லவேணும்.
அவருக்கு மீன்குழம்பு மணந்தது.
சாப்பிடவில்லை, மணந்தது.
பள்ளி பஸ் முடக்கில் திரும்பும் சத்தத்தை வைத்து
மணி சொன்னார்.
ஒருநாள் விடியப்புறம் மூன்று மணிக்கு,
பார்வையாளர் நேரம் முடிந்தது என்று
சொல்ல ஆளில்லாத வீட்டில்,
லொறி வாங்க என் கொடியை அடகுவைத்த
அந்தப் பழைய சண்டையைத் திரும்பத் தொடங்கி
அவர் தோற்று முடித்தோம்.

ஆனால்
நான்கு மணிக்கொரு தரம் மோர்பின்.
சிரிஞ்சில் குமிழி தட்டுவது
கடுகு தாளிப்பதுபோலக் கைக்கு வந்துவிட்டது.
நேர்ஸ் கிழமைக்கு மூன்று தரம்,
மூன்று தரமும் வேறு முகம்.
ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து சொன்னேன்:
கணையம், போன ஆவணி, பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது.
உடம்பு துடைக்க வரும் அடெசுவா மட்டும் மாறவில்லை.
அவளுக்குப் பஸ் பிந்தினால்
அவருக்கு அன்று துடைப்பு இல்லை.
இரவுக்கு ஓர் ஆள் கேட்டேன்.
லிஸ்டில் போட்டிருக்கிறோம் என்றார்கள்.

ஒன்பதாம் கிழமை
இரண்டு மணி மருந்தைக் கொடுத்தேனா இல்லையா என்று
தெரியாமல் குசினியில் நின்றேன்.
கொப்பியில் என் எழுத்து இருந்தது.
எழுதினது நினைவில் இல்லை.
விடிந்ததும் ஹொஸ்பிஸுக்கு
நானேதான் போன் எடுத்தேன்.

அங்கே பத்துக் கட்டில்.
பெல் அடித்தேன். ஆள் வந்தது.
அதற்கே அழுதேன்.
மருந்துக் கணக்கு அவர்களிடம் போனபிறகு
எனக்கு மிஞ்சியது அவர் தாடி.
ஆறுதலாக வழித்தேன், காதுக்குப் பின்னால்
ஒரு மச்சம் இருந்ததை மறந்தே போயிருந்தேன்.

பேர்னிலிருந்து மச்சாள்:
"கடைசியில கொண்டுபோய் விட்டிட்டியள், என்ன?"
ஓம். விட்டேன்.
அந்த யன்னலில் குருவிக்குத் தீன் தொங்கியது,
பள்ளி பஸ் வரவில்லை.
இப்ப எத்தனை மணி என்று
ஒரே நாளில் ஐந்து தரம் கேட்டார்.
ஆறாம் நாள்
காரின் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டு நின்றேன்,
உள்ளே முடிந்துவிட்டது.
வீட்டில் என்றால் பக்கத்தில் இருந்திருப்பேன்.
இருந்திருப்பேனா,
நித்திரையில் விழுந்து கிடந்திருப்பேனா,
தெரியாது.

பதினொரு நாள் கழித்து, இரவு பத்து மணி,
கட்டில் போய்விட்டது, சோபா இன்னும் கராஜில்.
மணி அடித்தது.
சப்பாத்தைக் கழற்றியபடி ஒரு பெண்:
"நான் நிலூஃபர். இரவுக்கு ஆள் கேட்டிருந்தீர்களாம்."

வெறும் கார்ப்பெட்டைப் பார்த்தாள்.
பையை இறக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.
இறக்கிவிட்டுப் போன கணவன்
ஆறு மணிக்குத்தான் வருவானாம்.
தேத்தண்ணி ஊற்றினேன்.
அரைவாசி குடித்துவிட்டு,
"நீங்கள் போய்ப் படுங்கள்" என்றாள்.

படுத்தேன்.
இரண்டு மணிக்கு
குசினி மேசையில் என் போன் அலறியது.
அவள் எழும்பிப் போய்
நிற்பாட்டும் சத்தம் கேட்டது.