பதினோராம் வரி

ஆயர் தாவார் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
ஈப்போவிலிருந்து வந்து
கம்ப்யூட்டரை மாட்டிவிட்டுப் போன பையன்
இழுப்பறையில் மறந்து வைத்த புத்தகம்,
குலை வரத்துக் குறைந்த பிப்ரவரியில்
எனக்குத் துணை.

திரை கண்ணாடி இல்லை, கட்டங்கள் என்றது அது.
குறுக்கே எண்பது, கீழே இருபத்தைந்து.
பெரட்டுக்கு நிற்கிற ஆட்கள் மாதிரி
இரண்டாயிரம் பேர்.
ஆளுக்கு இரண்டு எண்:
நீ என்ன எழுத்து,
எந்த நிறத்தில் நிற்கிறாய்.

ஏழு என்றால் சாம்பல்.
பதினைந்து, பளிச்சென்று வெள்ளை.
கூடவே நூற்றிருபத்தெட்டைச் சேர்த்துக்கொண்டால்
சிமிட்டும்.
காலி இடம்கூடக் காலியில்லையாம்,
அதற்கும் முப்பத்திரண்டு என்று ஒரு பேர்.
இது எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்று தெரியவில்லை.

பூஜ்யத்தைப் பற்றி ஒரே வரிதான்:
கறுப்பின் மேல் கறுப்பு.
யாருக்கு வேண்டும் இது என்று
பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

சிங்காரவேலு
ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கேட்பார்:
“பதினோராயிரத்து எண்ணூத்தி அறுபது ஏறினேன்,
வெறும் லாரி ஆறாயிரத்து அறுநூத்தி இருபது.
கழிச்சுப் பாருங்க கிராணி, எங்கியோ இடிக்குது.”
திரையில் 5030.
“கம்ப்யூட்டர் தப்புப் போடாதுண்ணே.”
மூன்று வருஷம் அதையே சொன்னேன்,
பாக் தாலிப்பிடம் மலாயில்,
ஆ சூனின் மனைவியிடம் கையை விரித்து.

ஒரு மழைநாள் ரசீது சிக்கிக்கொண்டது.
திரையை அப்படியே தாளில் இறக்கும் விசை ஒன்று உண்டு,
அழுத்தினேன்.
கறகறவென்று ஊசி ஓடியது.
அச்சுப்பெட்டிக்கு நிறம் தெரியாது,
எழுத்து எதுவென்று மட்டும் கேட்டு
அதையே குத்தும்.

பதினோராம் வரி.
நான் தினமும் பார்த்த இருட்டில்
ஒன்பது கட்டம்:
போத்தோங், ஓர் இடைவெளி, நாலு, சதவீதக் குறி.
வெட்டு.

திரையில் இல்லை. தாளில் இருந்தது.
வெளிச்சக் குமிழைக் கடைசிவரை திருகினேன்,
இருட்டே வெளிறிப் போனது,
எழுத்து வரவில்லை.
எழுதியவன் அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருக்கிறான்.
சோம்பலா,
யாராவது பார்க்கட்டும் என்றா?

தாளை நாலாக மடித்து
சாப்பாட்டுத் தூக்கின் அடியில் வைத்தேன்.
அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.
நான் திருப்பி அனுப்பிய ஆட்களை
எண்ணத் தொடங்கி
பாதியில் நிறுத்தினேன்.

மூன்று இரவு ஆனது
அந்தப் பூஜ்யம் எங்கே உட்கார்ந்திருக்கிறதென்று கண்டுபிடிக்க.
அதைக் கிளப்பிவிட்டு
நூற்று நாற்பத்து மூன்றை உட்காரவைத்தேன்.
நூற்றிருபத்தெட்டும் பதினைந்தும்.
கூட்டத் தெரியும் எனக்கு, அதற்குத்தானே சம்பளம்.

காலை ஏழரை.
முதல் லாரி ஏறி
மேடை அசைந்து அடங்குகிறது.
தவுக்கேயின் கார் இன்னும் வரவில்லை.
திரையை ஜன்னல் பக்கம் கொஞ்சம்
திருப்பி வைக்கிறேன்.

“என்னா கிராணி அது, புதுசா, கண்ணடிக்குது?”

“புதுசு இல்லண்ணே.
படிங்க.”