மஞ்சள் வகைகள்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
மருந்துக்கடை மாடியில் எங்கள் லேப்.
காலை ஏழரைக்கே வரிசை.
சிறு குப்பிகளைக் கைக்குட்டையில் சுற்றி,
துணிப்பையில் ஒளித்து,
ஒருவர் மல்லிகைப்பூக் கவரில் போட்டு
யாருக்கும் தெரியாமல் கொண்டு வருவார்கள்,
எல்லோரும் அதையேதான் கொண்டு வந்திருந்தாலும்.

பதினோரு வருடமாய் இதே மேசை.
மஞ்சளில் எத்தனை மஞ்சள் என்று
புடவைக் கடைக்காரருக்கு அடுத்தபடி
எனக்குத்தான் தெரியும்.
வைக்கோல் நிறம் என்றால் நிம்மதி.
நல்லெண்ணெய் நிறம் வந்தால்
ஆளை நிமிர்ந்து பார்ப்பேன்.
உதடு வெடித்திருக்கும்.
மினிபஸ் ஓட்டும் சோலைமலை கொண்டு வந்தது
டீ டிகாக்‌ஷன்.
கண்டனூர் வளைவில் வலி வந்து
ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதாராம்.
பயணிகள் இறங்கிப்போய்
இளநீர் வாங்கி வந்தார்களாம்.

சம்பை ஊற்று ஊர் இது.
வெளியூர்க்காரருக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு
குடிக்கும் முகத்தையே பார்த்து நிற்பவர்கள் நாங்கள்.
அப்படிப்பட்ட ஊரா
இந்த நிறத்தில் போகிறது?

சித்திரையில் ஒரு நாள்
நாற்பத்தொன்றாம் குப்பி.
ஆரோக்கியமேரி, வயது 29.
பெயரைப் பார்த்துவிட்டுக் குப்பியைப் பார்த்தேன்.
"வெறும் சூடுதாங்க.
வெந்தயம் ஊறப்போட்டுத் தின்னும் கேக்கல."

உருப்பெருக்கிக்கு அடியில்
குறுக்குக்கோடு போட்ட சின்னச் சின்னப் படிகங்கள்,
ஒட்டிய தபால் உறைகள் மாதிரியே.
சிறுநீரகம் கடிதம் போட ஆரம்பித்துவிட்டது.
பிரிக்காமல் விட்டால்
பிறகு கல்லெறியும்.

எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?
காலையில் காபி.
மத்தியானம் சோற்றுக்குப் பின் ரெண்டு வாய்.
ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போய்
செருப்பைக் கழற்றுமுன் ஒரு சொம்பு.

ஜவுளிக்கடையில் வேலை.
இருபத்தாறு பெண்களுக்கு
மூணாம் மாடியில் ஒரே கதவு.
சாவி மேனேஜர் சட்டைப்பையில்.
கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாராம்.
மணிக்கட்டைத் திருப்பி
நேரம் மட்டும் பார்ப்பாராம்.
"அதுக்குக் குடிக்காமலே இருந்துரலாம்ல?"

என் படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் உண்டு.
அடர்த்திக்கு உண்டு, சீழ்ச் செல்லுக்கு உண்டு.
சாவிக்கு இல்லை.

சாயங்காலத் தலைவலி,
படியேறினால் கண் இருட்டுவது,
தூக்கத்தில் கெண்டைக்கால் இழுப்பது,
மாத்திரை மாத்திரையாய் நீ வாயடைத்ததில் பாதி
தண்ணீர் கேட்ட குரலாக இருக்கும் என்றேன்.
டாக்டரும் எழுதினார்: தினம் மூன்று லிட்டர்.
எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன்.
வாடிக்கையாளருக்கென்று கீழ்த்தளத்தில்
கண்ணாடி, சோப்பு வாசம், எரியும் விளக்கோடு
ஒன்று இருக்கத்தான் இருந்தது.
"தலை சுத்துது, துணைக்கு இந்தப் பொண்ணு வரட்டும்."
மேனேஜர் மணிக்கட்டைத் திருப்பினார்.
நானும் என் மணிக்கட்டைத் திருப்பினேன்.
கொஞ்ச நேரம் ரெண்டு பேரும்
நேரம் பார்த்தோம்.

உள்ளே போனதும் பையிலிருந்து பாட்டிலை நீட்டினேன்.
கழுவுதொட்டியில் சாய்ந்து குடித்தாள்.
தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்கியது.
மோவாயில் வழிந்ததையும்
புறங்கையால் துடைத்து, நக்கிக்கொண்டாள்.
"அக்கா, இது இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்."
"தெரியும்."

பாட்டிலை மூடப்போனவள் நிறுத்தினாள்.
"காலையில ரொப்புனதா?"
"ஆமா."
"மூடி சீல் மாதிரி இறுகிக் கெடந்துச்சே.
இப்ப மணி நாலு."

எத்தனையோ மஞ்சளைப் பெயர் சொல்லி அழைத்தவள்
என்னுடையதைப் பார்த்து
எவ்வளவு நாள் ஆயிற்று என்று யோசித்தேன்.

சரிபாதியில் விரலை வைத்துக் காட்டி
என்னிடமே நீட்டினாள்.
வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.
இருங்க, என்றாள்,
அக்கா குடிக்கிறாங்க.