எதை மாட்டிக்கிட்டு வரட்டும்

போனில் கேட்கிறான் தீர்த்தகிரி:
எதை மாட்டிக்கிட்டு வரட்டும்க்கா,
சட்டியா, ஒன்பது கொத்தா, ரோட்டவேட்டரா?
அவன் கேள்விக்குள் புகுந்து ஊதுகிறது
பாலக்கோடு போகிற பஸ்.

இரு, என்கிறேன்.
இரண்டே முக்கால் ஏக்கர்தான்,
ஆனால் ஒரே பதிலுக்கு அடங்குகிற நிலமில்லை.

மேல்கொல்லையில் எவ்வளவு பெய்தாலும்
ஒரு சாணுக்குக் கீழே தண்ணீர் இறங்குவதில்லை.
கடப்பாறை போட்டால் டங்கென்கிறது.
வருசா வருசம் அதே ஆழத்தில் ஓட்டி
நாங்களே போட்டுக்கொண்ட தளம்.
சட்டி அதை உடைக்கும், சரி.
உடைத்ததைப் புரட்டியும் போடும்.
கெம்பையனுக்கு அப்படித்தான்
அடியில் கிடந்த வெள்ளைச் சுக்கான் மேலே வந்து
ஆடியில் விதைத்த கடலை
காமாலைக் கண்ணாய் நின்றது அறுப்புவரை.

ரோட்டவேட்டர் ஒரே ஓட்டில் முடிக்கும்.
சென்னம்மா கொல்லையை
ராகி மாவாய் அரைத்துக் கொடுத்தது,
ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.
மூன்றாம் நாள் ஒரு மழை, அப்புறம் வெயில்.
மண் ஏடு கட்டி
அவரை முளை தலை முட்டி முட்டி உள்ளேயே செத்தது.
என் கீழ்த்துண்டில் வேறு
தக்காளிக்கு விரித்த மல்ச்சிங் ஷீட்
கைக்கு வந்தது பாதி,
வராதது பாதி.
கத்தியில் சுற்றிக்கொண்டால்
இவன் அரிவாளோடு அடியில் படுத்து அறுப்பான்.
அந்த நேரத்துக்கும் மணிக் கணக்கு யார் தலையில்?

ஒன்பது கொத்து பாவம்,
கல்லைக் கண்டால் ஸ்பிரிங் வளைந்து
கும்பிட்டுவிட்டுத் தாண்டும்.
அருகம்புல்லை மட்டும்
துண்டு துண்டாய் நறுக்கி
வரிசையாய் நட்டுவிட்டுப் போகும்.

அக்கா, லைன் இருக்கா?
இருக்கேன்.
உளிக்கலப்பை யார்கிட்டயாவது இருக்கா?

உளியா?
காரிமங்கலத்துல ஒருத்தர் வெச்சிருக்கார்,
கோழி அடையுது அதுமேல.
அத ஓட்டினா ஓட்டின மாதிரியே தெரியாதுக்கா,
மேல கோடு கோடா நாலு கீறல்.
யார் ஓட்டினதுன்னு கேட்டு
எம்பேரச் சொல்லிச் சிரிப்பானுங்க.

சிரிக்கட்டும். மேல்கொல்லைக்கு அது.
கீழ்த்துண்டு கிடக்கட்டும்,
ஷீட்டைப் பொறுக்கி முடித்துவிட்டுச் சொல்கிறேன்.
மழைக்கு முந்தியே வா,
காய்ந்தால்தான் அந்த மண் வெடிக்கும்.

டீசல் எச்சா குடிக்கும்க்கா.
தெரியும்.
போல்ட் தெறிக்கும்.
நாலு வாங்கி வை,
புளியமரத்திலிருந்து பதினோரு நடையில்
ஒரு பாறை படுத்திருக்கிறது.
அது எனக்குத் தெரிந்த பாறை.