வெளிச்சம் பத்தலை

உசிலம்பட்டி, தேனி ரோடு.
முப்பது ரூபாய்க்குக் கட்டு மாற்றும் அறை.
சுவரில் டிவி,
கீழே வரிசையாகச் சர்க்கரைப் புண் கால்கள்.

எங்கோ சண்டை, சிவப்பு எழுத்தில் ஓடுகிறது.
"சத்தத்தக் கூட்டுங்க கம்பவுண்டரே"
என்கிறார் கமிஷன் கடை முத்திருளாண்டி.
பெருவிரல் போன மாசம் போனது அவருக்கு.
கை ஈரம் என்கிறேன்.

என்னையும் ஒருதரம் டிவியில் காட்டினார்கள்.
மலைமேல் தார்ப்பாய்க் கூடாரம், பதினொரு கட்டில்.
ஒச்சப்பன், நம்ம பாப்பாபட்டிக்காரன்,
தொடையெல்லாம் சில்லு.
கட்டி முடித்து, ரத்தம் நின்று,
நான் நேரம் குறித்துக்கொண்டிருந்தேன்.
மைக் பிடித்திருந்த பிள்ளை நல்ல பிள்ளைதான்.
ராத்திரியெல்லாம் எங்களோடு ஸ்ட்ரெச்சர் தூக்கியவள்.
"அண்ணே, வெளிச்சம் பத்தலை,
இன்னொரு தடவ கட்டுறீங்களா?"

பிரித்தேன்.

நின்ற ரத்தம் திரும்ப வந்தது.
படம் நன்றாக விழுந்தது என்றார்கள்.

அடுத்த கட்டிலில் மிசோரம் பையன் ரின்மாவியா.
வயிற்றில் குண்டு.
அவன் பேச்சு எங்களில் ஒருவருக்கும் புரியாது.
முனகல் மைக்கில் ஏறுகிறதென்று
தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்கள்.
தள்ளினேன்.
ஒரு சக்கரம் கோணல்,
காலால் உதைத்து உதைத்துத்தான் நகர்ந்தது.

ஒன்பது மணிச் செய்தியில் ஊரே பார்த்ததாம்.
விடியக்காலம் ஹெலிகாப்டர், ஒரு ஆளுக்கு இடம்.
பெயர் கேட்டு வந்தார்கள்,
காயம் கேட்டு அல்ல.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
ரத்தம் வைக்கக் குளிர்பெட்டி கேட்டு
மூன்று கடிதம் போட்டிருந்தோம், பதில் கிடையாது.
அந்தச் செய்திக்கு நாலாம் நாள் பெட்டி வந்தது,
ஒட்டின காகிதம்கூடப் பிரிக்காமல்.
அதனால் பிழைத்தவர்கள் பதினேழு பேர்.
எண்ணி வைத்திருக்கிறேன்.
திட்டலாம் என்று வாயெடுத்தால்
பதினேழு பேரும் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

ரின்மாவியாவுக்கு நான் எழுதிய நேரம் நாலு நாற்பது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதினேன்.

ஒச்சப்பன் இப்போது செக்கானூரணியில் பெட்ரோல் பங்க்கில்.
நொண்டாமல் நடக்கிறான்.
வருசம் தவறாமல் கெடாவெட்டுக்குக் கூப்பிடுவான்.
அவன் வீட்டு நடையில் அந்தப் படம், சட்டம் போட்டு.
மாலை வாடவே விடமாட்டாள் அவன் சம்சாரம்.
அதில் நான் இரண்டு கை மட்டும்.
இடது ஓரம், துணிக்குக் கீழே,
என்னவென்று அவனுக்குத் தெரியாத
ஒரு கோணல் சக்கரம்.

"இறுக்கிப்பிட்டீகளோ?" என்கிறார் முத்திருளாண்டி.

இல்லை.
இன்னொரு தடவை பிரிக்க மாட்டேன்,
பேசாமல் இருங்கள்.