ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடம்

இரண்டாம் ஆட்டம் விட்டு
அமைந்தகரைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஷட்டரைப் பாதி இறக்கிய டீக்கடை.
நான்கு கண்ணாடி டம்ளர், ஒரே சண்டை.

"பதினாலாவது மாடிக்குப்
பேய் லிஃப்ட்ல வருதுடா" என்றான் ஜெரால்டு.
"மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டுமா?"
பழைய படத்தில் பேயைக் காட்டவே இல்லை.
ஒரு முற்றம், மூடாத குழாய்,
நிரம்பி வழிந்தும் யாரும் தூக்காத குடம்.
அந்தச் சொட்டுச் சத்தத்துக்கு
ஏழு வயதில் பாயை நனைத்தவன் அவன்.
அதையும் அவனே சொல்லிவிட்டு
பன்னை டீயில் முக்கினான்.

சுகிர்தா புதுசின் கட்சி.
"பழசுல அவளுக்குப் பேரு உண்டா, சொல்லு.
வேலைக்காரி, அவ்ளோதான்.
மந்திரவாதிக்குப் பேரு இருக்கு,
அவன் வளக்குற நாய்க்கும் இருக்கு.
இவன்தான் கோமளான்னு வெச்சான்.
பேரே தெரியாத ஒருத்திக்கு
இருபத்தஞ்சு வருஷமா பயந்திருக்கோம்,
வெக்கமா இல்ல?"

"பேரு வெச்சதும் பயம் போயிடுச்சே."

"போகட்டும்."

ரோந்து ஜீப் ஒன்று
வேகம் குறைத்து எங்களை எண்ணிவிட்டுப் போனது.
கடைக்காரர் பாலை இறக்கினார்.

அதுவரை பேசாத முனவர்
டம்ளரின் அடியைப் பார்த்துச் சொன்னான்:
"எங்க வீட்ல இருந்தது பர்மா பஜார் சிடி.
ஒரு மணி பன்னெண்டாவது நிமிஷம் சிக்கிக்கும்.
குழாயடில முதுகு காட்டி நிக்கிறா,
யாரோ கூப்புடுறாங்க,
தல லேசா அசையுது,
அங்கயே நின்னுடும்.
துணியால தொடச்சோம்,
பல்பொடி போட்டுத் தேச்சோம், ம்ஹூம்.
கடைசில அத்தா அத எடுத்து
புறா வராம இருக்க பால்கனில கட்டிட்டாரு.
வெயில் பட்டா செவுரு பூரா ஒரு வெளிச்சம் ஓடும்.
அவதான்னு நெனச்சுக்குவேன்.

பழசோட முடிவ இன்னி வரைக்கும் பாக்கல.
பாக்க வேணாம்னு இருந்தேன்.
புதுசுல இன்னிக்கு
முழுசா திரும்பிட்டா.
வெறும் மூஞ்சிடா."

ஜெரால்டு காசு கொடுத்தான்.
யாரும் பங்கு கேட்கவில்லை.

ஷெனாய் நகரில் சுகிர்தாவை இறக்கிவிட்டோம்.
கேட்டைத் தாண்டி, படிக்கட்டு விளக்குக்குக் கீழே
முதுகு காட்டி நின்று
பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.
எந்த வீட்டிலோ மோட்டாரை அணைக்க மறந்து
மொட்டைமாடித் தொட்டி நிரம்பி
சன்ஷேடில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெரால்டுக்குக் குசும்பு.
"கோமளா!"

துழாவல் நின்றது.
தலை
லேசாக

"வண்டிய எடு" என்றான் முனவர்
என் தோளை அழுத்திப் பிடித்து.
"அவ திரும்பறதுக்குள்ள எடுடா."